ஐந்தா, டபுளா, பாஸா?

முந்தைய அத்தியாயங்களில் ஸ்டேமன், பிளாக்வுட், டிரான்ஸ்ஃபர் எல்லாம் பார்த்துவிட்டோம். எதிரணி வாய் திறக்காத வரை அவை நன்றாகவே வேலை செய்யும். எதிரணியும் ஏலத்தில் குதித்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. நீங்கள் 4 ஸ்பேட் கேட்கிறீர்கள். இடப்பக்கத்தில் இருப்பவர் பெட்டியிலிருந்து 5 ஹார்ட் அட்டையை எடுத்து வைக்கிறார். பார்ட்னர் பாஸ், வலப்பக்கத்தார் பாஸ், இப்போது உங்கள் முறை. எந்தக் கன்வென்ஷனும் இங்கே உதவாது. 5 ஸ்பேட் போவதா, டபுள் சொல்வதா, பேசாமல் பாஸ் சொல்லிவிடுவதா? ஒரு மாலை முழுக்க நன்றாக ஆடிச் சேர்த்த பாயின்டுகளை இந்த ஒரே இடத்தில் தொலைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலோர் இந்த நேரத்தில் மற்ற மூன்று கைகளையும் மனக்கண்ணில் பார்க்க முயல்கிறார்கள். "பார்ட்னரிடம் கிளப் ராஜா இருந்தால் 5 ஸ்பேட் வந்துவிடுமே" என்று ஓர் ஆசை. அந்த ஆசைதான் ஏலம் கேட்கிறது. கடினமான முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, நான் நினைப்பது தவறாகிப்போனால் எவ்வளவு போகும் என்பதுதான். எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்ற ஊகம் அதற்குப் பிறகே வர வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்கள் சாதாரணக் கைகளை வைத்துக்கொண்டே நல்ல ஆட்டக்காரர்களை வென்றுவிடுகிறார்கள்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். டீம் ஆட்டம், இரு பக்கமும் வல்னரபிள் இல்லை. உங்கள் கை இது:

ஸ்பேட்: ஏஸ், ராஜா, 9, 7, 4
ஹார்ட்: 8
டைமண்ட்: ஏஸ், ஜாக், 6, 2
கிளப்: ராணி, 10, 5

நீங்கள் 1 ஸ்பேட் என்று தொடங்குகிறீர்கள். இடப்பக்கம் 2 ஹார்ட். பார்ட்னர் தாவி 3 ஸ்பேட். நான்கு ஸ்பேட் உண்டு, பாயின்ட் குறைவு என்பது அதற்கு நீங்கள் இருவரும் வைத்திருக்கும் பொருள். வலப்பக்கம் 4 ஹார்ட். நீங்கள் 4 ஸ்பேட். இடப்பக்கம் 5 ஹார்ட். இரண்டு பாஸுக்குப் பிறகு உங்களிடம் வந்து நிற்கிறது.

கையில் 14 பாயின்ட், ஹார்ட்டில் ஒற்றைச் சீட்டு. கை துறுதுறுக்கத்தான் செய்யும். முதலில் துருப்புகளை எண்ணுங்கள். உங்களிடம் ஐந்து ஸ்பேட், பார்ட்னரிடம் நான்கு, ஆக ஒன்பது. ஹார்ட்டில் உங்களிடம் ஒன்று. பார்ட்னரிடம் இரண்டோ மூன்றோ இருக்கலாம். அப்படியானால் எதிரணியிடம் ஒன்பது அல்லது பத்து. இரு பக்கத்துத் துருப்பையும் கூட்டினால் 18 அல்லது 19.

இந்தக் கூட்டலுக்குப் பின்னால் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ழான் ரெனே வெர்ன் உலகப் போட்டிகளில் ஆடப்பட்ட கைகளை ஆராய்ந்து, 1969-இல் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் அதை விளக்கி எழுதினார். நம் துருப்பில் நாம் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளையும், அவர்கள் துருப்பில் அவர்கள் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளையும் கூட்டினால் வரும் எண், இரு பக்கத்துத் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்றார். அமெரிக்க ஆட்டக்காரர் லாரி கோஹன் 1992-இல் இதை வைத்து ஒரு நூலே எழுதினார். இன்று உலகெங்கும் போட்டி ஏலத்தில் உட்காரும் ஆட்டக்காரர்கள் மனத்துக்குள் இந்தக் கூட்டலைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் கையில் கூட்டுத்தொகை 19 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது எல்லா வழிகளையும் போட்டுப் பாருங்கள். ஸ்பேடில் நமக்கு 11 வந்தால் ஹார்ட்டில் அவர்களுக்கு 8-தான். 5 ஹார்ட்டை டபுள் செய்தால் மூன்று டவுன், 500 நமக்கு. 5 ஸ்பேட் ஆடியிருந்தால் 450. நமக்கு 10 வந்தால் அவர்களுக்கு 9: டபுளில் 300 கிடைக்கும், 5 ஸ்பேட் ஒன்று டவுன். நமக்கு 9 என்றால் அவர்களுக்கு 10: 5 ஹார்ட் ஒன்று டவுன், 5 ஸ்பேட் இரண்டு டவுன். நமக்கு 8-தான் என்றால் அவர்கள் 5 ஹார்ட்டை எடுத்துவிடுகிறார்கள், 450 போகிறது. அப்போதும் 5 ஸ்பேட் போய் டபுள் வாங்கினால் மூன்று டவுன், 500 போகும். நான்கு வழியில் ஒரு வழியிலும் 5 ஸ்பேட் சரியில்லை. 19 என்று தெரிந்துவிட்டால் சீட்டு எங்கே இருக்கிறது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்தாம் லெவல் எதிரணிக்கே சொந்தம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

மற்ற மூன்று கைகளையும் இப்போது திறந்து பார்ப்போம். பார்ட்னரிடம் ஸ்பேடில் ராணி, 8, 6, 3. ஹார்ட்டில் 7, 4. டைமண்டில் ராஜா, 10, 5. கிளப்பில் 9, 7, 4, 2. இடப்பக்கத்தாரிடம் ஸ்பேடில் 10, 5. ஹார்ட்டில் ஏஸ், ராஜா, ஜாக், 9, 6, 3. டைமண்டில் தனியாக 8. கிளப்பில் ஏஸ், ஜாக், 8, 3. வலப்பக்கத்தாரிடம் ஸ்பேடில் ஜாக், 2. ஹார்ட்டில் ராணி, 10, 5, 2. டைமண்டில் ராணி, 9, 7, 4, 3. கிளப்பில் ராஜா, 6. அவர்களுக்கு இரண்டு ஸ்பேடும் ஒரு டைமண்டும் போகும், 10 ட்ரிக் வரும். நமக்கு ஸ்பேடில் ஒன்றுமே போகாது, டைமண்ட் ராணியும் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஹார்ட்டும் மூன்று கிளப்பும் போய் 9-தான் தேறும். பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. 5 ஸ்பேட் போய் டபுள் வாங்கியிருந்தால் 300 இழப்பு. பாஸ் சொல்லியிருந்தால் 50 வரவு. இடையில் 350, அதாவது 8 ஐ.எம்.பி.

இங்கே டபுள் சொல்லலாமா? டீம் ஆட்டத்தில் நான் சொல்லமாட்டேன். 5 ஹார்ட் ஒன்று டவுனானால் டபுள் செய்து கிடைக்கும் கூடுதல் 50, அதாவது 2 ஐ.எம்.பி. அவர்கள் எடுத்துவிட்டாலோ 450 என்பது 650 ஆகிவிடும், 5 ஐ.எம்.பி. போகும். உங்கள் கையில் ஸ்பேட் ஏஸும் ராஜாவும் இருந்தாலும், எதிரணியிடம் உள்ள நான்கு ஸ்பேடும் மூன்று, ஒன்று எனப் பிரிந்திருந்தால் ஒரு ட்ரிக்தான் வரும். பார்ட்னரோ குறைந்த பாயின்ட் என்று சொல்லிவிட்டார். 2 கிடைக்க 5-ஐப் பணயம் வைப்பது கட்டுபடியாகாது. ஜோடி ஆட்டத்தில், அதாவது ஒவ்வொரு கையிலும் மற்ற மேஜைகளைவிட ஒரு பத்து பாயின்ட் கூடுதலாக எடுத்தாலே போதும் என்கிற ஆட்டத்தில், டபுள் சொல்வேன். அங்கே 50-க்கும் 100-க்கும் இடையே பாதி மேஜைகள் உட்கார்ந்திருக்கும்.

கூட்டுத்தொகை 20 ஆனால் நிலைமை மாறும். நமக்கு 11, அவர்களுக்கு 9 என்றால் 5 ஸ்பேட் 450 தரும், டபுளோ 300-தான். நமக்கு 9, அவர்களுக்கு 11 என்றால் 5 ஸ்பேட் இரண்டு டவுன், டபுளில் 300 இழப்பு. விட்டிருந்தால் 450 போயிருக்கும். பத்தும் பத்துமாக இருந்தால் மட்டும் போகக்கூடாது. 21 என்றால் யோசிக்கவே வேண்டாம். நமக்கு 11 வந்தாலும் சரி, அவர்களுக்கு 11 வந்தாலும் சரி, 5 ஸ்பேடே மேல். ஸ்பேடில் ராஜா, ராணி, 9, 8, 6, 3. ஹார்ட்டில் ஒன்றுமே இல்லை. டைமண்டில் ராஜா, ஜாக், 7, 4. கிளப்பில் 8, 5, 2. இந்தக் கையோடு நீங்கள் இருக்க, பார்ட்னர் நான்கு ஸ்பேட் காட்டிவிட்டார். நமக்குப் பத்து ஸ்பேட். ஹார்ட்டில் பார்ட்னரிடம் இரண்டோ மூன்றோ இருந்தால் அவர்களுக்குப் பத்தோ பதினொன்றோ. பாயின்ட் வெறும் 9 என்று தயங்காமல் 5 ஸ்பேட் கேளுங்கள். முதல் கையில் 14 பாயின்ட் வைத்துக்கொண்டு நின்றோம், இதில் 9 வைத்துக்கொண்டு போகிறோம். ஐந்தாம் லெவலில் முடிவு செய்வது துருப்பின் நீளமும் கையின் வடிவமும்தான். ஏஸ், ராஜாக்களின் எண்ணிக்கை இரண்டாம் பட்சம்.

வெர்ன் சொன்னது ஏறத்தாழத்தான். சில கைகளில் ஒன்றிரண்டு கூடும், குறையும். எதிரணியின் சூட்டில் உங்களிடம் ராணியோ ஜாக்கோ இருந்தால் கூட்டுத்தொகையிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அவர்கள் ஆடும்போது ட்ரிக் எடுக்கக்கூடிய அந்தச் சீட்டு, நாம் ஆடும்போது வெறும் காகிதம். உங்களுக்கும் பார்ட்னருக்கும் துருப்பைத் தவிர இன்னொரு சூட்டிலும் எட்டு ஒன்பது சீட்டு சேர்ந்திருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரனும் 2004-இல் எழுதிய நூலில் இந்த விதியையே எதிர்த்து வாதாடினார்கள். துருப்பின் எண்ணிக்கையைவிட இரு கைகளிலும் உள்ள குட்டைச் சூட்டுகளும், வேலை செய்யும் பெரிய சீட்டுகளுமே ட்ரிக்கைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் மேஜையில் அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு வெர்னின் கூட்டலைவிடக் கைக்கு எளிய கருவி கிடையாது. கற்றுக்கொள்பவர்கள் அதில் தொடங்கட்டும். பழகப் பழகக் கழித்தலும் கூட்டலும் தானாக வரும்.

முதல் கையில் பார்ட்னர் 5 ஹார்ட்டுக்குப் பாஸ் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அவர் செய்தது சரி. 3 ஸ்பேட் என்ற ஒரே ஏலத்தில் தன் கையை முழுக்கச் சொல்லிவிட்டார். நான்கு துருப்பு, பலம் குறைவு, அவ்வளவுதான் செய்தி. அவர் கையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்கள் கை 12 பாயின்டா 18-ஆ என்பது அவருக்குத் தெரியாது. பார்ட்னரின் கையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் முடிவெடுக்க வேண்டும். சொல்லி முடித்தவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 3 ஹார்ட் என்று தடுப்பு ஏலம் போட்டுவிட்டு, பிறகு பொறுக்கமாட்டாமல் தானே 4 ஹார்ட் போகிறவர்கள் எந்த கிளப்பிலும் உண்டு. பார்ட்னர் டபுள் செய்து 500 எடுக்கக் காத்திருந்த வேளையில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஏலம்தான்.

பலம் நம் பக்கம் இருக்கும்போது அதே பாஸுக்கு வேறு பொருள். நீங்கள் 1 ஸ்பேட், இடப்பக்கம் 2 ஹார்ட். இம்முறை பார்ட்னர் 3 ஹார்ட் என்று எதிரணியின் சூட்டையே கேட்கிறார். ஸ்பேட் பிடித்திருக்கிறது, கேமுக்கு அழைக்கும் பலமாவது இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வலப்பக்கம் 4 ஹார்ட், நீங்கள் 4 ஸ்பேட், இடப்பக்கம் 5 ஹார்ட். இந்தக் கை நம்முடையது. அவர்கள் பலி கொடுக்கத்தான் மேலே போயிருக்கிறார்கள். 5 ஹார்ட்டை டபுள் இல்லாமல் ஆட விடக்கூடாது. எனவே பார்ட்னர் இப்போது சொல்லும் பாஸ் கட்டாயப் பாஸ். "மேலே போக எனக்குத் தடையில்லை, நீ முடிவெடு" என்கிறது அது. அவர் டபுள் சொன்னால், "என் பலம் ஹார்ட்டில் முடங்கிக் கிடக்கிறது, மேலே போகாதே" என்கிறார். கட்டாயப் பாஸுக்குப் பிறகு நீங்கள் டபுளோ 5 ஸ்பேடோ சொல்லியே ஆக வேண்டும். பாஸ் சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

எந்தப் பாஸ் கட்டாயப் பாஸ், எது சாதாரணப் பாஸ் என்பதில் பார்ட்னர்கள் இருவரும் ஒரே மாதிரி நினைக்காவிட்டால் விளைவு பயங்கரம். ஒருவர் கட்டாயப் பாஸ் என்று நினைத்துச் சொல்ல, மற்றவரும் பாஸ் சொல்லிவிட, எதிரணி டபுள் இல்லாமல் மூன்று டவுன் போய் 150 கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த கையை எடுக்கும். 420 போன இடத்தில் 150. கூடியவரை எளிய விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கேமுக்கு அழைப்போ அதற்கு மேலோ சொல்லிவிட்டுத் தொடர்ந்து கேம் கேட்டிருந்தால் எங்கள் பாஸ் கட்டாயப் பாஸ்; மற்ற எல்லா இடத்திலும் சாதாரணப் பாஸ். இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமானால் ஓராண்டு சேர்ந்து ஆடிய பிறகு சேர்க்கலாம்.

யோசிக்கும் நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஒரு நிமிடம் முகத்தைச் சுருக்கி யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னால், உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று மேஜையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பார்ட்னருக்கும் தெரியும். டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டத்தின் 16-ஆவது விதிப்படி, ஏலமும் சீட்டும் அல்லாத இப்படிப்பட்ட சைகையால் கிடைத்த தகவலை அவர் பயன்படுத்தக்கூடாது. நியாயமான இரண்டு வழிகள் இருந்தால் உங்கள் தயக்கம் காட்டிக்கொடுத்த வழியை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. நேர்மையான பார்ட்னரின் கையை உங்கள் தயக்கமே கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் யோசனையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். 4 ஸ்பேட் அட்டையை எடுக்கும்போதே, 5 ஹார்ட் வந்தால் என்ன சொல்வேன் என்று தீர்மானித்துவிட்டு எடுங்கள். எதிரணி தாவி ஏலம் கேட்டால் அடுத்தவர் சுமார் 10 விநாடி பொறுத்துப் பேசுவது போட்டிகளில் வழக்கம். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த 10 விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் எடுத்துக்கொள்பவரின் மௌனத்துக்கு யாரும் பொருள் சொல்ல முடியாது.

தடுப்பு ஏலங்களுக்கு எதிராக முடிவெடுப்பது தனி அத்தியாயத்துக்கு உரியது. இங்கே ஒன்று மட்டும். வலப்பக்கத்தார் 3 ஹார்ட் என்று தொடங்குகிறார். உங்களிடம் ஸ்பேடில் ராஜா, ஜாக், 5. ஹார்ட்டில் ராணி, 7, 4. டைமண்டில் ஏஸ், ராணி, 8, 3. கிளப்பில் ராஜா, 6, 2. 15 பாயின்ட் வைத்துக்கொண்டு எப்படிப் பாஸ் சொல்வது என்று தோன்றும். பாஸ்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் மூன்று ஹார்ட் இருப்பதால் பார்ட்னரிடம் குறைவாகத்தான் இருக்கும். ஹார்ட் குறைவாக உள்ளவர்தான் டபுள் சொல்ல ஏற்றவர். கடைசி இருக்கையில் இருக்கும் அவர் வழக்கத்தைவிட ஒரு ராஜா அளவு குறைந்த பலத்தோடும் பேசலாம்.

எதிரணி குறுக்கிடாத ஏலத்திலும் கடினமான இடங்கள் வரும். 3 ஸ்பேடில் நிற்பதா, 4 போவதா? டீம் ஆட்டத்தில் இதற்குத் துல்லியமான கணக்கு உண்டு. நீங்கள் வல்னரபிள் என்று வையுங்கள். 4 ஸ்பேட் எடுத்தால் 620. பக்கத்து மேஜையில் 3-இல் நின்று 10 ட்ரிக் எடுத்தவருக்கு 170. வித்தியாசம் 450, அதாவது 10 ஐ.எம்.பி. ஒன்று டவுன் போனால் உங்களுக்கு 100 இழப்பு, அவருக்கு 140 வரவு. வித்தியாசம் 240, அதாவது 6 ஐ.எம்.பி. 6-ஐ வைத்து 10-ஐ எடுக்கப் போகிறீர்கள். நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே போவது லாபம். வல்னரபிள் இல்லாதபோது கிடைப்பது 6, போவது 5; அப்போது 46 வேண்டும். இரண்டு ஃபினெஸில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்கிற கேமை டீம் ஆட்டத்தில் விடவே கூடாது. சிறு ஸ்லாமுக்குக் கிடைப்பதும் போவதும் சமம், ஆகவே பாதி வாய்ப்பு வேண்டும். கிராண்ட் ஸ்லாமில் கதை தலைகீழ். வல்னரபிள் இல்லாதபோது கிடைப்பது 11, தவறினால் போவது 14. ஒரே ஒரு ஃபினெஸை நம்பி 7 போகக்கூடாது என்பது இதனால்தான்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு கையை பிரிட்ஜ் உலகம் மறக்கவில்லை. 1975, பெர்முடா கிண்ண இறுதி ஆட்டம், இத்தாலியும் அமெரிக்காவும். ஒரு மேஜையில் அமெரிக்கர்கள் 6 நோ டிரம்ப்பில் நின்றுவிட்டார்கள். மற்ற மேஜையில் இத்தாலியின் ஜார்ஜியோ பெல்லடோனாவும் பெனிட்டோ கரோட்சோவும் 7 கிளப் வரை போய்விட்டார்கள். டம்மியில் துருப்பு ஏஸும் ராணியும். எதிரே ராஜா சரியான பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் குட்டையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் எடி கான்டார் கையில் துருப்பு ராஜாவும் 10-உம் மட்டுமே இருந்தன. ராணி ட்ரிக் எடுத்தது, ஏஸ் விழுந்தபோது ராஜாவும் கூட விழுந்தது, கோப்பை இத்தாலிக்குப் போனது. உலகின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள் கேட்ட அந்த 7 கிளப், கணக்குப்படி மோசமான காண்ட்ராக்ட். வந்துவிட்டதால் அது நல்லதாகிவிடவில்லை. உங்கள் முடிவுகளையும் இப்படியே எடை போடுங்கள். 38-க்கு மேல் வாய்ப்புள்ள கேம் டவுனானால் வருந்த வேண்டாம். 25 வாய்ப்புள்ள கேம் வந்துவிட்டால் அடுத்த முறையும் அப்படிக் கேட்க வேண்டாம்.

இந்த நிதானம் வயதோடு வளரக்கூடியது என்பது பிரிட்ஜின் பெரிய வரம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தபோது பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

அடுத்த போட்டிக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்களும் பார்ட்னரும் ஆளுக்கொரு தாளில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், "நம் பாஸ் எப்போது கட்டாயப் பாஸ்?" என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிப் படியுங்கள். விடைகள் ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகும் வரை மேஜையில் உட்காராதீர்கள்.